எனாமலில் ஒரு மீன்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் இருக்கிற மாதிரி இருக்கிறோம். மாமாவின் குறட்டை நலம். என் வலது மணிக்கட்டு மட்டும் முறைத்துக்கொண்டிருக்கிறது. ஈரப் போர்வையைத் தூக்கும்போதெல்லாம், இனிமேல் நீயாச்சு போர்வையாச்சு என்கிறது. உன் கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது? பிடுங்கித் தொலை, பயந்தாங்கொள்ளி. போனில் பேசினால் நலமா நலமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் தாளும் பேனாவும்.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். அதற்கு முன் எங்கள் சலவைக்கூடத்தை உனக்கு மறுபடி வரைந்து காட்ட வேண்டும். நீ ஒரே ஒரு முறைதான் வந்தாய், அதுவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், நீளமாக ஒரே கூடம். தரையின் நடுவில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் அழுக்கறை. வார்டுகளிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரித்து, உதறி, ரத்தம் தனி, மலம் தனி என்று போடுவது நாங்கள். கோட்டின் மேல் இயந்திரங்கள். எங்கள் பக்கக் கதவு வழியாக உள்ளே போகும் துணி, அந்தப் பக்கக் கதவு வழியாக வெள்ளையாக வெளியே வரும். அது சுத்த அறை. அங்கே மடிப்பார்கள், தேய்ப்பார்கள். துணி கோட்டைத் தாண்டலாம். நாங்கள் தாண்டக் கூடாது.

கிருமி பரவக் கூடாது, அதனால். சரி, நியாயம்தான். ஆனால் டீ நேரத்தில் சோப்புப் போட்டுக் குளித்து, உடை மாற்றி, வராந்தாவுக்கு வந்த பிறகும் எங்களுக்குக் குவளை வேறு. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை எனாமல் குவளைதான். மூட்டைக்கு அடையாளம் கட்டும் நூலைக் கைப்பிடியில் சுற்றியிருப்பார்கள். அவர்களுக்கு நீலம், எங்களுக்குச் சிவப்பு. மேல் வரிசை ஆணி அவர்களுக்கு, கீழ் வரிசை எங்களுக்கு.

போன வாரம் நான் என் குவளையின் சிவப்பு நூலை அறுத்துவிட்டு, நீல நூலைக் கட்டி, மேல் வரிசையில் மாட்டிவிட்டேன். எங்கள் கண்காணிப்பாளரை உனக்குத் தெரியும். சட்டையில் சுருக்கமே விழாதவர், இஸ்திரி என்று பெயர் வைத்தோமே, அவர்தான். கைக்கு எட்டியதை எடுப்பவர். நான்கு நாள் அந்தக் குவளையில்தான் டீ குடித்தார். என் குவளை எனக்குத் தெரியாதா? அடியில் எனாமல் பெயர்ந்து கறுப்பாக ஒரு மீன் இருக்கும். வாலோடு, கண்ணோடு. அவர் அண்ணாந்து கடைசி மடக்கைக் குடிக்கும்போது மீன் எங்களைப் பார்க்கும்.

"பாத்தியாடி, ஆளு இன்னும் சாகல," என்றாள் ரேடியோ. "சட்டைகூடக் கசங்கல."

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. ஐந்தாம் நாள் பழையபடி சிவப்பைக் கட்டிக் கீழே மாட்டியாயிற்று. அந்த நான்கு நாளும் ரேடியோவின் குவளையில் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம்.

ரேடியோ யார் என்று கேட்க மாட்டாய் என்று நினைக்கிறேன். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆறு இயந்திரம் ஓடினாலும் அவள் குரல் மேலே கேட்கும். அதனால் ரேடியோ. இப்போது மதிய இடைவேளை, பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தாளை எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டாள். நான் வாய்க்குள் முணுமுணுத்தபடி எழுதுகிறேன் என்று கேலி வேறு. "பேனாவை நான் விசாரிச்சேன்னு எழுதுடி" என்கிறாள். அவள் உனக்கு வைத்த பெயர் அது. எழுதிவிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

பல் இருக்கிறது. வலியும் இருக்கிறது. இரண்டும் பழகிவிட்டன. மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இதைப் பத்தாவது முறையாக எழுதுகிறேன்.

என் அறை அப்படியே. ஒரு கால் குட்டையான மேசை. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு மேலே வானம், அளவாக.

உன் கடிதத்தை நூலகத்தில் படித்தேன். சிரித்துவிட்டேன். நூலகர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

அப்படி என்னதான் படிக்கிறாய் என்று கேட்பாயே. நவீன இந்தியச் சமூக அரசியல் சிந்தனை. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் நகர்ந்துவிடுவார். ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முன் சிலர் மூன்று சொற்களைக் கையில் எடுத்தார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். அந்தச் சொற்களோடு இறங்கக் கூடாத குளத்தில் இறங்கினார்கள். அள்ளிக் குடித்தார்கள். நடக்கக் கூடாத தெருவில் நடந்தார்கள். நான் அதைச் செய்யவில்லை. அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் பற்றி எழுதுகிறேன்.

மூன்றாம் அத்தியாயம் சகோதரத்துவம். ஆறு மாதமாகத் தலைப்பு மட்டும் இருக்கிறது. பேராசிரியர் தாள்களைத் திருப்பித் தந்தார். "மேற்கோளுக்கு மேற்கோளா இருக்குப்பா. இதுல ஒரு மனுஷங்கூட இல்லையே."

உன் குவளையில் ஒரு மனுஷி இருக்கிறாள்.

இன்னும் எழுது. அந்த ஆணிகள் எந்த உயரத்தில்? நூலைக் கட்டுவது யார்? கட்டச் சொன்னது யார்? உனக்குப் பயமாக இல்லையா? எல்லாம் எழுது. ரேடியோ அக்காவை நான் விசாரித்ததாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 24

அன்புத் தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். கொடுத்த கைக்கும் வலி வந்துவிட்டது. மாமாவுக்குச் சளி.

நீ கேட்டதற்குப் பதில். மேல் ஆணி என் நெற்றி உயரம், கீழ் ஆணி இடுப்பு உயரம். கீழ்க் குவளையை எடுக்கக் குனிய வேண்டும். இத்தனை வருஷம் குனிந்திருக்கிறேன், நீ கேட்ட பிறகுதான் கவனித்தேன். இதற்கு உன்மேல் கோபம். நூலைக் கட்டுவது நாங்களேதான். கட்டச் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் சேரும்போதே அப்படித்தான் இருந்தது.

ஒன்று சொல்கிறேன். இஸ்திரி சாதி என்ற வார்த்தையை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. கிருமி என்றுதான் சொல்வார். அழுக்கறையில் நாங்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரும் எப்படி அதே இரண்டு தெருவிலிருந்து வந்தோம் என்று ரேடியோ ஒரு தடவை அவரிடமே கேட்டாள். "விண்ணப்பம் வந்த வரிசைம்மா" என்றார். "வரிசைக்கே எங்க வீடு தெரிஞ்சிருக்கு பாருங்க சார்" என்றாள் இவள். அவருக்குப் புரியவில்லையா, புரியாத மாதிரி நின்றாரா, சட்டையைப் போலவே முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை.

பயமாக இல்லையா என்று கேட்டிருக்கிறாய். இருந்தது. கை நடுங்கியது. முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. போதுமா?

உன் மூன்று சொற்களை ரேடியோவுக்குச் சொன்னேன். சகோதரத்துவம் என்றால் என்னடி என்றாள். தம்பி அக்காவுக்கு மாசம் ஒரு கடிதம் போடுவது என்றேன். "அதுல சகோதரன் இருக்கான், அக்கா எங்க?" என்றாள். உன் பேராசிரியரிடம் கேட்டுச் சொல்.

ஒரு நல்ல செய்தி வரலாம். சுத்த அறையில் ஒரு இடம் காலியாகிறது. தேர்வு வைக்கிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து இதுவரை ஒருத்தரும் கோட்டைத் தாண்டிப் போனதில்லை. எழுதிப் பார் என்று இஸ்திரியே சொன்னார். சும்மா எழுதப் போகிறேன். யாரிடமும் சொல்லாதே, கிடைக்காவிட்டால் அசிங்கம்.

ரேடியோ விசாரித்தாள்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பல் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. மறுபக்கத்தால் சாப்பிடுகிறேன்.

வேலை அதிகம். சிறியதாக ஒன்று எழுதினேன். வந்தபின் சொல்கிறேன். தேர்வு எப்படிப் போயிற்று? மாமாவின் சளி?

ரேடியோ அக்காவின் கேள்வியைப் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு நல்ல கேள்வி என்றார். பதிலை நீயே எழுது என்றார்.

தம்பி


மே 20

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்குக் காரணம் ஒன்றுமில்லை. வீட்டில் நலம்.

தேர்வில் தேறிவிட்டேன். சுத்த அறைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே ஜன்னல் பெரியது. துணி சூடாக வரும், ரொட்டி மாதிரி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று போர்வையின் நுனிகளைப் பிடித்து, நடந்து வந்து, மடிப்போம். என்னோடு மடிப்பவர் நல்லவர்தான். நுனியைக் கொடுக்கும்போது விரல் படாமல் கொடுப்பார். யாரும் அதிகம் பேசுவதில்லை. இயந்திரச் சத்தம் நன்றாகக் கேட்கிறது.

மணிக்கட்டு வலி போய்விட்டது. முழுக்கப் போய்விட்டது.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் படிப்பில், யாரோ சொன்னதை எடுத்து எழுதும்போது, சொன்னவர் பெயரைப் போடுவீர்களா?

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோட்டைத் தாண்டிவிட்டாய். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி நடந்தேன். மணிக்கட்டுக்கு என் வாழ்த்துகள்.

நீ கேட்டதற்கு. பெயர் போட மாட்டோம். சொன்னவரின் பாதுகாப்புக்காக. எண் போடுவோம். அவருக்குத் தகவலாளி என்று பெயர். ஏன் கேட்டாய்?

ரேடியோ அக்கா எப்படி இருக்கிறார்? நீ இல்லாமல் அந்தப் பக்கத்தில் யாரோடு பேசுகிறார்? கடிதத்தில் அவர் விசாரிக்கவில்லையே.

தம்பி


ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரம். பதில் இல்லை. போன முறையும் இவ்வளவு தாமதம்தான், ஆனால் பதில் வந்தது. உடம்பு சரியில்லையா என்று மாமாவுக்குப் போன் செய்தேன். நன்றாக இருக்கிறாள், கொஞ்சம் பேச்சுக் குறைவு என்றார்.

அப்படியானால் உனக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் எழுதுகிறேன்.

ஏப்ரலில் ஒரு மாத இதழில் கட்டுரை எழுதினேன். புனைபெயரில். அதில் உன் குவளை இருக்கிறது. மஞ்சள் கோடு, ஆணிகளின் உயரம், நீல நூல், நான்கு நாள். 'என் குவளை எனக்குத் தெரியாதா' என்ற உன் வாக்கியம் அப்படியே, மேற்கோள் குறிக்குள். சொன்னவர்: தகவலாளி 1. இரண்டாவது தகவலாளி கிடையாது.

உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய். வேண்டாம் என்றால் கட்டுரை இல்லை. இவ்வளவுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன்.

அனுப்புவதற்கு முன் பேராசிரியர் படித்தார். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

"மீனை எடுத்துடுப்பா," என்றார்.

"ஏன் சார்?"

"எனாமல் குவளை எல்லா இடத்துலயும் இருக்கு. மீன் ஒண்ணுலதான் இருக்கும். யாரோடதுன்னு தெரிஞ்சிடும்."

"சார், மீன் இல்லேன்னா அது வெறும் குவளை சார்."

"வெறும் குவளையாவே இருக்கட்டுமே."

தலையாட்டினேன். அறைக்கு வந்தேன். மீன் வரியைப் பேனாவால் அடித்தேன். வாக்கியம் செத்துவிட்டது. மறுபடி எழுதினேன். 'அவர் அண்ணாந்து குடிக்கும்போது மீன் எங்களைப் பார்க்கும்.' அந்த வரி நன்றாக இருந்தது அக்கா. அதற்காக விட்டுவிட்டேன். ஆபத்து தெரியாமல் இல்லை. தெரிந்து, வரியைப் பார்த்து, விட்டேன்.

கட்டுரைக்குப் பாராட்டு வந்தது. ஒரு கூட்டத்தில் யாரோ அந்த வரியை மனப்பாடமாகச் சொன்னார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். முகம் சூடாயிற்று. சந்தோஷத்தில்தான்.

என்ன நடந்தது? உன்னை ஏதாவது செய்தார்களா? இடம் கிடைத்தது என்கிறாய். அப்படியானால் ஒன்றும் நடக்கவில்லையா? ரேடியோ அக்கா எங்கே?

தம்பி


ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

பல் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் ஆரம்பிக்க முடியவில்லை. எப்படி இருக்கிறது?

உன் கட்டுரையை ஏப்ரல் கடைசியிலேயே பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், நல்ல பையன், அதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான். கேட்டவர்களில் ஒருத்தர் இஸ்திரி.

மறுநாள் டீ நேரத்தில் குவளை எல்லாவற்றையும் வராந்தா மேசையில் கவிழ்க்கச் சொன்னார். சத்தம் போடவில்லை. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மீனுக்கு மேல் விரலை வைத்தார். வைத்த விரலைப் பிறகு சட்டையில் துடைத்தார். பதினைந்து வருஷத்தில் அவர் சட்டை கசங்கி அன்றுதான் பார்த்தேன்.

"இது யாருது?"

இப்போது சொல்கிறேன். என்னுடையது இல்லை.

ரேடியோவின் குவளை அது. நூலை அறுத்தது அவள். கட்டியது அவள். கை நடுங்கவில்லை, முடிச்சு அவிழவும் இல்லை. இரண்டு நிமிஷ வேலை, அதற்கு ஒரு பாட்டு வேறு. நான் பக்கத்தில் நின்று, வேண்டாம்டி வேண்டாம்டி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நான்கு நாளும் நாங்கள் குடித்தது என் குவளையில்.

ஏன் மாற்றி எழுதினேன்? உன் ஒவ்வொரு கடிதத்திலும் யாராவது எங்காவது துணிந்து போவார்கள். குளத்தில் இறங்குவார்கள். தெருவில் நடப்பார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது உன் கையெழுத்தே நிமிர்ந்து இருக்கும். என்னைப் பற்றி எழுதும்போது ஒத்தடம் கொடு என்பாய். ஒரே ஒரு கடிதத்துக்கு அவர்களில் ஒருத்தியாக இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது. உனக்கு மட்டும்தானே போகிறது என்று நினைத்தேன். நீயும் பயமாக இல்லையா என்று கேட்டாய். பிறகு எப்படித் திருப்பி வாங்குவது?

இஸ்திரி கேட்டார்.  நான் வாயைத் திறக்கவில்லை. ரேடியோ என்னை ஒரு தடவை பார்த்தாள். "என்னுதுதான்" என்றாள்.

குவளைக்காரிதான் வெளியே சொன்னாள் என்று உன் கட்டுரையில் இருக்கிறது. "எழுதினவன் யாரு? யாருகிட்ட சொன்னே?" என்று கேட்டார். மதிய இடைவேளையில் யார் யாருக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுத்தே தெரியாது சார் என்றுகூடச் சொல்லவில்லை. "ரேடியோன்னு சும்மாவா பேரு வச்சாங்க" என்றார். அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். தொற்றுத் தடுப்பு விதியை மீறியதாகக் காகிதம். அதில் அவள் கைநாட்டு.

அவள் உண்மையைத்தான் சொன்னாள். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒருத்தரும் பொய் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்துத் தேர்வு முடிவு வந்தது. என் பெயர். கைப்பிடியில் நீல நூலோடு புதுக் குவளை கொடுத்தார்கள். முடிச்சை இஸ்திரியே போட்டார்.

அவள் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. காய்கறிக் கடையைக்கூட மாற்றிக்கொண்டேன்.

தகவலாளி என்று நல்ல பெயர்தான் வைத்திருக்கிறீர்கள். எங்கள் கூடத்தில் கோள்சொல்லி என்போம்.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்கா,

மூன்று நாள் ஒன்றும் எழுத முடியவில்லை. பிறகு எழுதினேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம். கட்டுரை எழுதியது நான், அதில் உள்ள குவளைக்காரி எனக்கு எதுவும் சொல்லவில்லை, அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று. நான்கு முறை எழுதினேன். நான்கும் நன்றாக இருக்கின்றன. அதுதான் அருவருப்பாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்கும் இடத்தில் எந்தச் சொல் விழுந்தால் அழகு என்று கை தேடுகிறது.

நான்கையும் மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன். மேசை இப்போது ஆடவில்லை.

அனுப்பினால், அப்படியானால் யார் சொன்னது என்று கேட்பார்கள். உன் இடம் போகும். அனுப்பாவிட்டால் அவருடைய இடம் திரும்பாது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன். நடுவில் கோடு போட்டேன்.

நீ சொல்கிறபடி செய்கிறேன்.

மணிக்கட்டு வலி போனது என்று எழுதியிருந்தாய். நான் வாழ்த்துச் சொன்னேன்.

தம்பி


செப்டம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

மாமா நலம். அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அன்றைக்குக் குறட்டை வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. படியிலேயே இரண்டு தடவை உட்கார்ந்தேன். கதவைத் திறந்தவள், மேலும் கீழும் பார்த்தாள்.

"வா நீலம். வழி தெரிஞ்சுதா?"

என் புதுப் பெயர் அது. உள்ளே போனேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, உலர்த்திய துணி. இப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாளாம். டீ போட்டாள். கொடுத்ததை வாங்கியதும் என் கண் கைப்பிடிக்குப் போயிற்று. பழக்கம்.

"என்னத்தத் தேடுற? வீட்டுல எதுக்குடி நூலு?"

டீயைக் கீழே வைத்தேன். எப்படியோ சொன்னேன். "உன் குவளைய என்னுதுன்னு எழுதிட்டேன். தம்பிக்கு."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"நீதான். எழுதும்போது முணுமுணுன்னு சொல்லிக்கிட்டேதானே எழுதுவே? எனக்கு எழுத்துதான் தெரியாது. காது நல்லாத்தான் கேக்கும்."

"அப்பவே ஏன்டி கேக்கல?"

"தம்பிகிட்ட பெரிய ஆளா இருந்துட்டுப் போயேன்னு விட்டேன். ஒரு குவளைதானே."

அதற்குப் பிறகு நான் அழுததை எழுத மாட்டேன். நீ எங்காவது எடுத்து எழுதிவிடுவாய். கோபமில்லையா என்று கேட்டேன்.

"கோபம் இல்லாம? வேலை போனதுக்கு இஸ்திரி மேல கோபம். உன் மேல வேற கோபம். நாலு மாசமா நீ வரல பாரு. அதுக்கு."

டீ ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் ஆறியதையே குடித்தோம். கிளம்பும்போது சொன்னாள்: "பேனாகிட்ட ஒண்ணு சொல்லு. அந்தக் கட்டுரைய ஒருத்தர் எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. கதை சரிதான். ஆனா நாம சிரிச்சதே அதுல இல்லையாமே. அழுதுக்கிட்டு இருந்த மாதிரி எழுதியிருக்கான். நான் எங்கடி அழுதேன்?"

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். இஸ்திரி இரண்டு தடவை படித்தார். விரலால் ஒரு வரியைத் தொட்டு, "இந்த சிரிச்சதுங்கறத மட்டும் எடுத்துடும்மா. ஆபீஸ் காகிதம் பாரு" என்றார். அதை எடுக்க முடியாது சார் என்றேன். உன் பேராசிரியர் மீனை எடுக்கச் சொன்னபோது நீ எடுக்கவில்லை, இங்கே நான் இதை எடுக்கவில்லை. இரண்டும் ஒன்று இல்லை என்று நினைக்கிறேன். யோசித்துப் பார்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து போவதாக இருக்கிறோம். இரண்டு பேருக்கும் வேலை கிடைக்கலாம், ஒருத்திக்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நீலக் குவளையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நீ சொல்கிறபடி செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வாக்குமூலத்தில் உன் பெயர் இல்லை. கட்டுரையை எழுதியவர் யார் என்று கேட்டார்கள். அதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும் என்றேன். உன் பெயரை நீதான் எழுத வேண்டும், தம்பி. நன்றாக வர வேண்டியதில்லை.

வாக்குமூலத்தை உனக்காகப் பார்த்து எழுதியிருக்கிறேன். மூலத்தில் அவள் பெயரை முழுசாக எழுதினேன். இதில் எழுதவில்லை. உன் கையில் இன்னொரு அடையாளத்தைக் கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

'குவளை அவருடையது. நூலை மாற்றிக் கட்டியவர் அவர். பார்த்துக்கொண்டிருந்தது நான். சிரித்தது இரண்டு பேரும். வெளியே சொன்னது நான். என் குவளை என்று பொய் சொன்னதும் நான். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இது யாருடையது என்று கேட்ட அன்று நானும் சொல்லவில்லை.'

பல்லைப் பிடுங்கினாயா?

என் மணிக்கட்டு மறுபடி வலிக்கிறது. மூன்று பிரதி எழுதினேன்.

அக்கா